முதுமையைப் பற்றிய கடும் அச்சத்தை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படிச் சமாளிப்பது?

முப்பது வயதைக் கடந்ததிலிருந்து முதுமை என்ற நினைப்பு வந்தாலே நெஞ்சு படபடக்கிறது, இரவில் தூக்கம் வருவதில்லை, ஒரு நரைமுடியைக் கண்டால் அன்றைக்கு வேறு வேலை ஓடுவதில்லை, ரப்பர் தோட்டத்தில் இருக்கும் பாட்டியைப் பார்க்கப் போவதைக்கூடத் தள்ளிப்போடுகிறேன், இது நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, இப்போது அதே பட்டணத்தில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதிக்கொண்டு, ஐம்பதைத் தாண்டி வாழ்கிறவன். இதே அச்சம் எனக்கும் பல ஆண்டுகள் இருந்தது, அதற்காகச் சிகிச்சைக்கும் போயிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

மருத்துவ உலகம் இதை ஜெராஸ்கோபோபியா என்று அழைக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. ஒரு குறிப்பிட்ட பொருளையோ நிலையையோ பற்றிய மிகையச்சம் என்ற பொதுப் பிரிவுக்குள்தான் வைத்துப் பார்க்கிறார்கள். அச்சம் பொதுவாக ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும், உண்மையான ஆபத்தின் அளவை மீறியதாக இருக்க வேண்டும், அதைத் தவிர்ப்பதற்காக நாம் அன்றாட வாழ்க்கையையே சுருக்கிக்கொள்ள வேண்டும் அல்லது பெரிதும் அவதிப்பட வேண்டும். வயதாவதை நினைத்து எப்போதாவது மனம் கலங்குவது எல்லோருக்கும் உள்ளது. பாட்டியைப் பார்க்கப் போவதைத் தள்ளிப்போடுகிறேன் என்று நீங்கள் எழுதியதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது, ஏனென்றால் தவிர்ப்புதான் இந்த அச்சத்துக்குத் தீனி. ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் மனத்துக்கு உடனடி நிம்மதி கிடைக்கிறது. தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அச்சம் இன்னும் பெரிதாக வந்து நிற்கிறது.

ஆனால் இந்த விளக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் நம்மவர்களின் அச்சத்தில் பாதி விளங்காமலே போய்விடும் என்பது என் எண்ணம். எனக்கு ஆலோசனை வழங்கியவர் முதல் சந்திப்பிலேயே, முதுமை என்றதும் உங்களுக்கு யாருடைய முகம் தோன்றுகிறது என்று கேட்டார். முகம் எதுவும் தோன்றவில்லை. லோரி ஒன்றுதான் தோன்றியது. என் தாத்தா தோட்டத்து வீட்டைக் காலி செய்த நாளில் வந்த லோரி அது. தகரப்பெட்டி, அம்மி, துணியில் சுற்றிய சாமிப் படங்கள், கோழிக்கூடு எல்லாம் ஏறிய பிறகு, வாசலில் பாட்டி வைத்திருந்த கறிவேப்பிலைச் செடியை வேரோடு பிடுங்கிப் பால் வாளி ஒன்றில் வைத்தார்கள். தாத்தா டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அந்த வாளியை இரண்டு முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, லயத்தின் பக்கம் திரும்பாமலே போனார்.

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். லயத்து வீடு, அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடு, வேலையோடு சேர்ந்தது. செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் பெயர் இருக்கும் வரைதான் அது நம்முடையது. பெரும்பாலான தோட்டங்களில், வயதாகிப் பெயர் எடுபட்டுவிட்டால், பிள்ளைகளில் ஒருவராவது அங்கேயே பெயர் பதிந்து வேலை செய்தால்தான் குடும்பம் அந்த வீட்டில் தொடரலாம். மர வரிசையான நிரையைப் பிடித்துப் பால் வெட்ட முடியாதவர்களுக்குப் புல்வெட்டு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை என்று இலகு வேலை கொடுப்பார்கள். சம்பளம் குறையும், கங்காணியின் குரல் உயரும். 1950களிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது இந்தக் கலக்கம் இளையவர்களையும் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பணத்திலேயே தோட்டங்களை வாங்கப் புறப்பட்டதற்குக் காரணம் அதுதான். ஆக, நம் பாட்டன்மாருக்கு முதுமை என்பது முதலில் வீடு போகும் நாளாக இருந்தது. மூட்டுவலியும் பார்வைக் குறைவும் அதற்குப் பிறகுதான். பெற்றோர் இரவில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்ட அந்தக் கவலை, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த பிள்ளைகளின் காதில் விழாமலா இருந்திருக்கும்? உங்கள் அச்சத்தில் எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு உங்கள் வீட்டாருடையது என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

அப்படிப் பிரித்தால், முதுமை அச்சம் என்ற ஒரே பெயரில் பல அச்சங்கள் கலந்து கிடப்பது தெரியும்: வீடும் பணமும் இல்லாமல் போவது, உடல் முடங்குவது, நினைவு தவறுவது, தோற்றம் மாறுவது, யாருக்கும் வேண்டாதவராவது, கடைசியில் மரணம். இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. சிலவற்றுக்கு மருந்தே தேவையில்லை, ஒரு மாலை நேரமும் ஒரு பேனாவும் போதும்.

பணக் கவலை அந்த வகையைச் சேர்ந்தது. ஓய்வு பெறும் குறைந்தபட்ச வயது 60 என்ற சட்டம் தனியார் துறையில் 2013 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஊழியர் சேமநிதியையோ 55 வயதிலேயே எடுத்துவிடலாம். எடுத்த பணம் ஒரு கல்யாணத்திலும் ஒரு காரிலும் கரைந்துபோன கதைகளை எங்கள் கோப்பிக்கடையில் உட்கார்ந்தால் வேண்டிய அளவு கேட்கலாம். உங்கள் சேமநிதிக் கணக்கறிக்கையை எடுத்து, முதலாளி மாதந்தோறும் ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று பாருங்கள். சொந்தத் தொழில் அல்லது தினக்கூலி என்றால், சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தின்கீழ் நீங்களாகவே பணம் செலுத்தலாம். அரசாங்கமும் ஒரு வரம்புக்குள் ஊக்கத்தொகை சேர்க்கிறது. மனநலத்தைப் பற்றிக் கேட்டால் கணக்குப்பிள்ளை புத்தியைக் காட்டுகிறானே என்று சிரிக்காதீர்கள். நடு இரவில் உருவமில்லாமல் வரும் கவலை, காகிதத்தில் எண்ணாக மாறியதும், அந்த எண் சிறியதாக இருந்தாலும்கூட, என்ன செய்யலாம் என்று யோசிக்கக்கூடிய ஒன்றாகிவிடுகிறது.

உடலைப் பற்றிய அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். நாம் முதுமை என்று நினைத்து அஞ்சும் பல காட்சிகள், வெட்டியெடுத்த கால் விரல், மங்கிய கண், வாரம் மும்முறை டயாலிசிஸ், வயதின் விளைவுகளே அல்ல. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட சர்க்கரையின் விளைவுகள். நினைவிழப்பு நோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், காது மந்தம், தனிமை போன்ற 14 காரணிகளைச் சரிசெய்தால், கோட்பாட்டளவில் ஏறத்தாழ 45 விழுக்காட்டுப் பாதிப்புகளைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. மீதமுள்ளது நம் கையில் இல்லை. அதையும் தெரிந்துகொள்வது நல்லது.

மனப்பான்மையைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்க உளவியலாளர் பெக்கா லெவியும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட அந்த ஆய்வில், ஓஹையோ மாநிலத்தில் ஐம்பது வயதைக் கடந்த 660 பேரின் விவரங்களை ஆராய்ந்ததில், தம் முதுமையை நல்லவிதமாகக் கருதியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு நல்லெண்ணம் எளிதில் வரும் என்பதால் இதை அப்படியே காரணமும் விளைவுமாக எடுத்துக்கொள்ள நான் தயங்குகிறேன். இருந்தாலும், உடல்நிலையையும் வருமானத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு நீடித்தது என்பதை ஒதுக்கிவிட முடியவில்லை.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். முடிக்குச் சாயம் போடுவதில் தவறில்லை. ஆனால் திருமண மண்டபங்களில் நம்மவர்கள் "என்னம்மா இப்படிக் கிழடு தட்டிப்போச்சு" என்று முப்பது வயதுப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே கேட்கும் பழக்கம் இந்த அச்சத்தை எவ்வளவு வளர்க்கிறது என்பதைக் கேட்பவர்கள் உணர்வதே இல்லை. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இவ்வளவும் போக மிஞ்சும் படபடப்புக்குத்தான் சிகிச்சை வேண்டும். அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்ற முறையில், அஞ்சும் பொருளைச் சிறிய படியிலிருந்து பெரிய படிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கச் சொல்வார்கள். முதலில் முதியவர்களின் புகைப்படங்களைப் பார்ப்பது, பிறகு கோவிலில் ஒரு முதியவர் பக்கத்தில் அமர்ந்து பேசுவது, பிறகு பாட்டியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போவது, பிறகு அவர் காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவது என்று போகலாம். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடாமல், அது தானாகத் தணியும் வரை அங்கேயே இருப்பதுதான் முக்கியம். மூச்சை மெதுவாக நீட்டி வெளியே விடுவது அதற்கு உதவும். இதோடு, அடிக்கடி கண்ணாடி பார்ப்பதையும், இணையத்தில் நோய்க்குறிகளைத் தேடுவதையும், எனக்கு வயதாகித் தெரிகிறதா என்று வீட்டாரிடம் திரும்பத் திரும்பக் கேட்பதையும் குறைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவையும் மறைமுகமான தவிர்ப்புகளே.

முதியவர்களிடம் போகும்போது அறிவுரை தேடிப் போகாதீர்கள், அவர்களுடைய ஒரு நாளைப் பார்க்கப் போங்கள். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளியான பாட்டி ஒருவர் இருக்கிறார். எழுத்து தெரியாததால், மாத்திரைகளை முட்டை அட்டையின் குழிகளில் நிறம் பார்த்துப் போட்டு வைத்திருக்கிறார்: ஒரு வரிசை காலைக்கு, மறு வரிசை இரவுக்கு. கிளினிக்கில் ஒருமுறை வெள்ளை மாத்திரைக்குப் பதில் இளஞ்சிவப்பு வந்தபோது, மருந்தகக் கௌண்டரில் நின்று விளக்கம் கேட்டு வாங்காமல் நகரவில்லை. மீன் வேன்காரர் அவரிடம் விலை சொல்லவே தயங்குவார். முழங்கால் வலிக்கிறது, மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், அதற்காக அழவும் செய்கிறார். வலியும் அழுகையும் இருக்கின்றன, அவற்றுக்கு நடுவே ஒரு முழு மனுஷியும் இருக்கிறார் என்பதை என் அச்சம் எனக்குக் காட்டியதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. வாழ்நாள் குறைவு என்று உணர்கிறவர்கள் தமக்கு நெருக்கமானவற்றையே தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் அவர்களின் மனநிறைவு பெரும்பாலும் குறைவதில்லை என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டன்சன் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

தூக்கமின்மை தொடர்ந்தாலோ வேலை கெட்டாலோ அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். அங்கே மன அழுத்தத்துக்கான கேள்வித்தாள் கொடுப்பார்கள், தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் கேளுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினால் அன்றைக்கே, சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555ஐயோ, இரவு பகல் எந்நேரமும் பேசக்கூடிய பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929ஐயோ அழையுங்கள். உள்ளூர்க் கிளினிக்கில் தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சம் இருந்தால் ஈப்போவுக்குப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கௌண்டரில் முழுக் கதையையும் சொல்லத் தேவையில்லை. "சாயா சுசா தீடோர், செலாலு தாக்குட்" (தூக்கம் வருவதில்லை, எப்போதும் பயமாக இருக்கிறது) என்று மலாயில் மட்டும் சொல்லுங்கள், மீதியை உள்ளே டாக்டர் கேட்டுக்கொள்வார்.