"தெரிந்த நபர் ஒருவர்": வீட்டு வன்முறை பற்றிய கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வீட்டுக்குள் விழும் அடியைப் பற்றியவை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான 18–49 வயதுப் பெண்களில் 100க்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். அகில இந்திய அளவில் அது 29. மருத்துவம், சட்டம், சமூக நலம் என மூன்று பக்கத்திலிருந்தும் பதில்களைச் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்களின் பெயர், ஊரை விட்டுவிட்டோம்.

கணவர் அடித்ததில் கன்னம் வீங்கி அரசு மருத்துவமனைக்குப் போனேன். மாமியார் பக்கத்திலேயே நின்றதால் "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டேன். இப்போது வழக்குப் போட நினைக்கிறேன். அந்தச் சீட்டு எனக்கு எதிராகத் திரும்புமா?

திரும்பப் பார்க்கும். ஆனால் வழக்கு அதோடு முடிந்துபோகாது.

அவசரப் பிரிவில் எழுதும் விபத்துப் பதிவேட்டைத்தான் எல்லோரும் ஏ.ஆர். என்கிறோம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் புரட்டுவது அதைத்தான். யார், எதனால், எங்கே, எப்போது என்று நோயாளி சொன்னதை மருத்துவர் அதில் எழுதுவார். "தெரிந்த நபர் ஒருவர் கையால் தாக்கியதாக" என்பது வழக்கமான வாசகம். இந்த இடத்தில் "கணவர்" என்ற சொல்லே விழ வேண்டும். அதை நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் விழும்.

பழைய பதிவைத் திருத்தச் சொல்லாதீர்கள். அடித்து எழுதிய ஏ.ஆர். இரண்டு பக்கத்துக்கும் உதவாது. வலியோ வீக்கமோ மிச்சம் இருக்கும்போதே மறுபடி போங்கள். மருத்துவரிடம் "தனியாகப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். கூட வந்தவரை வெளியே நிறுத்த எக்ஸ்ரே எடுக்கும் நேரம் நல்ல சாக்கு. முதல் தடவை கூட ஆள் இருந்ததால் உண்மையைச் சொல்ல முடியவில்லை என்பதையும் சேர்த்துப் புதிதாகப் பதியச் சொல்லுங்கள்.

காயமும் பேசும். வழுக்கி விழுந்தால் பெரும்பாலும் முழங்கை, முட்டி, நெற்றி, மணிக்கட்டு என எலும்பு துருத்திய இடங்களில் அடிபடும். மேல்கையின் உட்புறம், காதின் பின்புறம், கழுத்து ஆகியவை விழுந்து அடிபடுகிற இடங்கள் அல்ல. ஓங்கி அறைந்த கன்னத்தில் விரல் விரலாக இணைகோடுகள் தெரியும். அதனால் காயத்தின் இடம், நிறம், சென்டிமீட்டரில் அளவு மூன்றும் குறிப்பில் இருக்க வேண்டும். காதோடு சேர்த்து அறை விழுந்திருந்தால் செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டைப் பிரிவில் பார்த்துவிடுங்கள். "காது அடைத்த மாதிரி இருக்கு" என்பதைப் பலரும் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

சிகிச்சைக்குப் போலீஸ் புகார் தேவையில்லை. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் விதி 17இன்படி, குடும்ப நிகழ்வு அறிக்கை (நடந்த வன்முறையைப் பதியும் படிவம் 1) இல்லை என்று காரணம் சொல்லி எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்பக் கூடாது. அறிக்கை இல்லாவிட்டால், அந்தப் படிவத்தை மருத்துவமனைப் பொறுப்பாளரே நிரப்பி, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனை அறிக்கையின் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். நடைமுறையில் கேட்டால்தான் கிடைக்கிறது. எழுத்தில் கேளுங்கள்.

போனில் எடுத்த போட்டோவும் ஆடியோவும் கோர்ட்டில் செல்லுமா?

செல்லும், மூலக் கோப்பு கையில் இருந்தால். வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் படம் சுருங்கி, எடுத்த தேதி நேர விவரம் கழன்றுவிடும். அதனால் போனில் இருப்பதை அழிக்காதீர்கள். ஒரு பிரதியை மெமரி கார்டில் போட்டு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

ஒவ்வொரு காயத்துக்கும் மூன்று படம்: முகம் தெரிய முழு உருவம், காயம் எந்த உறுப்பில் என்று தெரியும்படி ஒன்று, பக்கத்தில் ஸ்கேலோ ஒரு ரூபாய் நாணயமோ வைத்துக் கிட்டத்தில் ஒன்று. ஃபில்டர் வேண்டாம். கன்றிப்போன இடம் அன்றைக்கு லேசாகத்தான் தெரியும், இரண்டாம் மூன்றாம் நாள் நன்றாகக் கறுக்கும். அப்போது மறுபடி எடுங்கள். தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63இன் சான்றிதழ் வேண்டும். அதில் நீங்கள் கையெழுத்திடும் பகுதி ஒன்று, நிபுணர் கையெழுத்திடும் பகுதி ஒன்று. இரண்டாவதை விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறைய.

சண்டையில் ஒருமுறை கழுத்தை நெரித்தார். சில விநாடி கண் இருட்டியது. மறுநாள் தடமே இல்லை. எப்படி நிரூபிப்பது?

நிரூபிப்பது அப்புறம். இது நேற்றோ முந்தாநாளோ நடந்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கழுத்தை நெரித்ததற்கு வெளியே தடம் இல்லாமலிருப்பது சகஜம். ஆபத்து உள்ளே. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து, அங்கே உறையும் ரத்தம் சில நாள் கழித்துப் பக்கவாதமாக வெடிக்கலாம். தொண்டை வீக்கம் ஒன்றிரண்டு நாளில் கூடி மூச்சை அடைக்கலாம். குரல் கம்முவது, விழுங்கும்போது வலி, கண்ணின் வெள்ளையிலோ இமையின் உட்புறத்திலோ சிவப்புப் புள்ளிகள், கடும் தலைவலி, ஒரு பக்கம் மரத்துப்போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். கழுத்து ரத்தக்குழாய்களுக்கு சி.டி. ஆஞ்சியோகிராம் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சொல் முக்கியம். "கழுத்தைப் பிடித்தார்" என்றால் அப்படியே பதிவாகும், அதற்கு எடை கிடையாது. "நெரித்தார், ஒரு கையால் அல்லது இரு கையால், இத்தனை விநாடி, கண் இருட்டியது, குரல் மாறியது" என்று சொல்லுங்கள். அப்போது தன்னறியாமல் சிறுநீர் போயிருந்தால், வெட்கப்படாமல் அதையும் சொல்லுங்கள். நினைவு தப்பியதற்கு மருத்துவர்கள் தேடும் முக்கிய அடையாளம் அது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னாளில் அதே துணையால் கொல்லப்படும் வாய்ப்பு 7 மடங்கு கூடுதலாக இருந்தது. ஜாக்குலின் கேம்பல் என்ற செவிலியப் பேராசிரியர் 1986இல் உருவாக்கிய ஆபத்து அளவுகோலில் இந்தக் கேள்வி இன்றும் இருக்கிறது. கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், கர்ப்ப காலத்தில் அடி, பின்தொடர்ந்து வேவு பார்ப்பது ஆகியவையும் அதில் உண்டு.

பிரிந்து போகும் சமயம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். அதனால் "நாளைக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்" என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பாஸ்புக், மாத்திரை, மாற்றுச் சாவி எல்லாம் ஒரு பையில் வேறு வீட்டில் இருக்கட்டும். போனில் இருப்பிடப் பகிர்வு ஓடுகிறதா என்று பாருங்கள். 181 மகளிர் உதவி எண், உடனடி ஆபத்துக்கு 112. சகி மையம் எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் 5 நாள் வரை தங்கலாம்.

மகளிர் காவல் நிலையத்தில் ஒரு ரசீது கொடுத்தார்கள். இருவரையும் உட்கார வைத்துப் பேசி, இனி அடிக்க மாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். இரண்டே வாரத்தில் மறுபடி அடி. என் கேஸ் இருக்கிறதா, இல்லையா?

கையில் இருப்பது சி.எஸ்.ஆர். ரசீது. மனுவை வாங்கிக்கொண்டார்கள் என்பதற்கு மட்டும் அது அத்தாட்சி. எஃப்.ஐ.ஆர். ஆகாது. குடும்பத் தகராறுகளில் முதல்கட்ட விசாரணை செய்யலாம் என்று 2013 லலிதா குமாரி தீர்ப்பு இடம் கொடுத்திருப்பதால் இந்தப் பேச்சுவார்த்தை நடக்கிறது. அவர் அங்கே எழுதிக் கொடுத்தது குற்ற வழக்கில் ஒப்புதலாக நிற்காது. ஆனால் அன்றைக்கே நீங்கள் புகார் கொடுத்தீர்கள் என்பதற்கு அது நல்ல சான்று. நகல் வாங்குங்கள்.

புதுச் சம்பவத்துக்குப் புது மனு கொடுங்கள். பழைய சி.எஸ்.ஆர். எண்ணை முதல் பத்தியிலேயே போடுங்கள். கணவர் வீட்டுக் கொடுமைக்கான பழைய 498ஏ, இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சங்ஹிதையில் பிரிவு 85, தண்டனை 3 ஆண்டு வரை. எலும்பு முறிவு, பல் உடைவு, 15 நாள் கடும் வலி என்றால் அது கொடுங்காயம். முன்பு 20 நாளாக இருந்தது. பதிய மறுத்தால் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் குற்றவியல் நடுவர் நீதிமன்றம்.

எஃப்.ஐ.ஆருக்காகக் காத்திருக்காமல் செய்யக்கூடியது டி.வி. வழக்கு, அதாவது குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் போடும் வழக்கு. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். படிவம் 1 நிகழ்வு அறிக்கை, படிவம் 2 மனு. படிவம் 3 பிரமாண வாக்குமூலம், இடைக்கால உத்தரவு கேட்பதற்கு. மூன்றாவதைப் போடாததால் மாதக்கணக்கில் எந்த உத்தரவும் இல்லாமல் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. நீங்கள் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். முதல் விசாரணை 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நிஜத்தில் நோட்டீஸ் அவர் கைக்குப் போய்ச் சேராமல்தான் இழுக்கும். வீட்டு முகவரியோடு அவர் வேலை செய்யும் இடத்தின் முகவரியையும் கொடுங்கள்.

உத்தரவில் உள்ளூர் காவல் ஆய்வாளர் உதவ வேண்டும் என்ற வரி வேண்டும் என்று பிரிவு 19(7)ஐச் சொல்லிக் கேளுங்கள். உத்தரவு நகல் உங்களுக்கு இலவசம், காவல் நிலையத்துக்கும் போகும். போனதா என்று நேரில் உறுதி செய்யுங்கள். மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.20,000 வரை அபராதம் அல்லது இரண்டும், ஜாமீனில் விட முடியாத குற்றம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, எண் 15100.

வீடு மாமியார் பெயரில். "உனக்கு இங்கே என்ன உரிமை" என்கிறார்கள்.

சொத்துரிமை இல்லை, குடியிருக்கும் உரிமை உண்டு. 2020இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில், கணவரின் உறவினர் பெயரில் உள்ள வீடும் கூட்டு வசிப்பிடம் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே நிலையாகக் குடியிருந்ததைக் காட்ட கேஸ் சிலிண்டர் புக், பிள்ளையின் பள்ளி முகவரி, ஆதார் போதும். ஆனால் மாமியாரை வெளியேற்றச் சொல்லி உத்தரவு கேட்க முடியாது. பெண்ணுக்கு எதிராக அப்படி உத்தரவிடச் சட்டமே தடை. வேண்டாம் அந்த வீடு என்றால் மாற்று வீட்டுக்கு வாடகை கேளுங்கள். பலருக்கும் அதுவே நிம்மதி.

குடித்த நாளில்தான் அடிக்கிறார். குடியை நிறுத்தும் மாத்திரையைத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கலாம் என்கிறார்கள்.

வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் டைசல்ஃபிரம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் உடம்பு சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும். இதயக் கோளாறு இருந்தால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு இருக்கும். அவர் சம்மதத்தோடு, கல்லீரல், இதயம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கலந்தது தெரிந்தால் அன்றைய அடி எப்படியிருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. முதல் இரண்டு நாளில் வலிப்பு, அதையடுத்துப் பிதற்றல், நடுக்கம் வரலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுதான் இடம். யோசனைக்கு மனநல உதவி எண் 14416.

ஆனால் ஒன்று: அதே போதையில் அவர் மேஸ்திரியை அடிக்கிறாரா, டிராஃபிக் போலீஸை அடிக்கிறாரா? கை யார் மேல் ஓங்க வேண்டும் என்பது போதையிலும் தெரிகிறது. சிகிச்சை குடிக்கு. அடிக்கு வேறு வழி பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கட்டும்.

பக்கத்து ஃபிளாட்டில் அலறல் கேட்கிறது. தலையிட்டால் எங்கள் மேலேயே பாய்வார்களே?

அடி நடக்கும்போது நியாயம் பேசாதீர்கள். காலிங் பெல்லை அடித்து "தண்ணி மோட்டார் ஓடுதா?", "கூரியர் உங்களுடையதா?" என்று ஏதாவது கேளுங்கள். நோக்கம் அந்த நிமிடத்தை முறிப்பது மட்டுமே. தனியாகப் போகாதீர்கள். ஆயுதம் இருந்தால் பெல்லும் வேண்டாம், 112 போதும். மறுநாள் அந்தப் பெண்ணைத் தனியே பார்த்து 181ஐச் சொல்லுங்கள். யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் தந்தால் வழக்கு எதுவும் வராது என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 4 சொல்கிறது.

மகன் அடிக்கிறான். எனக்கு 71, மனைவிக்கு 66. வீட்டையும் அவன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஐயா, உங்கள் மனைவி குடும்ப வன்முறைச் சட்டத்திலேயே மகன் மீது மனுப் போடலாம். அது மனைவிகளுக்கு மட்டுமான சட்டம் அல்ல. ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி எல்லோருக்கும் பொருந்தும். உங்களுக்கு 2007 மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். கோட்டாட்சியர் முன் மனு, வக்கீல் வேண்டியதில்லை, 90 நாளில் முடிக்க வேண்டும். பராமரித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரத்தைப் பிரிவு 23இன் கீழ் ரத்து செய்யலாம். பத்திரத்தை எடுத்து அந்த வாசகம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இனி எழுதப்போகிறவர்கள் அந்த வரி இல்லாமல் எழுதவே கூடாது. உதவி எண் 14567.

தாலுகா மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். எங்கள் பதிவேட்டை வைத்து வன்முறையைத் தடுக்க முடியுமா, அல்லது கட்டுப்போட்டு அனுப்புவதோடு சரியா?

முடிந்த ஊர் ஒன்று இருக்கிறது. வேல்ஸின் கார்டிஃப். அங்கே முகத்தாடை அறுவை மருத்துவர் ஜொனாதன் ஷெப்பர்ட், அடிபட்டு வருகிறவர்களில் பெரும்பகுதி போலீஸ் கணக்கிலேயே இல்லை என்பதைக் கவனித்தார். அவசரப் பிரிவு வரவேற்பாளர்கள் இடம், நேரம், ஆயுதம் ஆகியவற்றைக் கேட்டுப் பதிந்தார்கள். பெயரை நீக்கிப் போலீஸ், நகராட்சியோடு சேர்ந்து பார்த்தார்கள். எந்தத் தெருவில், எந்த மதுக்கூடத்தில், எத்தனை மணிக்கு என்று தெரிந்ததும் ரோந்து அங்கே போனது. ஒப்பிட்ட மற்ற நகரங்களைவிட, வன்முறைக் காயத்தால் மருத்துவமனையில் சேர்வது 42 சதவீதம் குறைந்ததாக 2011இல் பதிவானது.

வீட்டு வன்முறைக்கு அதை அப்படியே எடுக்க முடியாது. இடம் என்று கேட்டால் எல்லாமே "வீடு"தான். சின்ன ஊரில் தெருப் பெயர் போட்டாலே யாரென்று தெரிந்துவிடும். அதனால் வரைபடம் வேண்டாம், எண்ணிக்கை போதும், 5க்குக் குறைவான எண்ணை வெளியே தர வேண்டாம். மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: ஆறு மாதத்துக்குள் இரண்டாம் முறை வந்தவர்கள் எத்தனை பேர், தனியாக வைத்துக் கேட்கப்பட்டவர்கள் எத்தனை, படிவம் 1 போனது எத்தனை, சகி மையம் வரை போய்ச் சேர்ந்தது எத்தனை. எந்த ஷிஃப்டில் இந்த எண்ணிக்கைகள் பூஜ்யமாக இருக்கின்றன என்பதையும் பாருங்கள். அந்த நேரம் அடிபட்டவர் வரவில்லை என்பதைவிட, யாரும் கேட்கவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இதற்கெல்லாம் மென்பொருள் வேண்டாம். ஏ.ஆர். புத்தகத்தில் "தெரிந்த நபர்" என்று எழுதும் இடத்தில் கணவர், மகன், மாமனார், வேறு என்று நாலாகப் பிரித்து ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வையுங்கள். டிக் அடிக்க மூன்று விநாடி.