பேங்க்ல வந்தது 5.8 லட்சம், ஏஐஎஸ்ல 7.4 லட்சம்: எதை காட்டணும்?

கேள்வி: ரப்பர் தோட்டத்துல தேன்பெட்டி வச்சிருக்கவங்ககிட்ட தேன் வாங்கி, வீட்டுல பாட்டில்ல அடைச்சு ஆன்லைன்ல விக்கேன். 2025-26ல பேங்குக்கு வந்தது 5,80,000. ஆனா இன்கம்டாக்ஸ் சைட்ல ஏஐஎஸ் (நம்ம வருமானம், பிடிச்ச வரி எல்லாம் காட்டுற அறிக்கை) திறந்து பாத்தா 7,40,000னு இருக்கு, பயந்துட்டேன். பேங்க்ல வந்தத மட்டும் காட்டினா போதும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க, சரியா? வேற வருமானம் கிடையாது.
(வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: பயப்படாதீங்க அக்கா, ஆனா பக்கத்து வீட்டு யோசனை வேண்டாம். விற்பனைன்னு காட்ட வேண்டியது 7,40,000தான்.

ஒரு பாட்டில எடுத்துக்கோங்க. கஸ்டமர் குடுக்கது 450, அதுல கமிஷன், கூரியர் எல்லாம் போக உங்க கைக்கு வாறது 355னு வைங்க, ஆனா நீங்க வித்தது 450க்குத்தான், அந்த 95 உங்க செலவு. ஆன்லைன் கம்பெனி டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்க வரி) பிடிக்கதும் முழு 450க்குத்தான், வருமான வரிச் சட்டம் 194-ஓ பிரிவுல 0.1 சதவீதம், அதாவது 45 பைசா (2024 அக்டோபருக்கு முன்னாடி 1 சதவீதமா இருந்துச்சு). வருஷத்துக்கு உங்களுக்கு 740 ரூபா பிடிச்சிருப்பாங்க, அந்தக் கணக்குதான் ஏஐஎஸ்ல வந்து நிக்குது. ரிட்டர்ன் வந்த பாட்டிலும் அதுல சேந்திருந்தா அங்கயே ஃபீட்பேக் குடுக்கலாம், ரிட்டர்ன் ரிப்போர்ட்ட டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க.

7.4 லட்சத்துக்கும் டாக்ஸானு கேப்பீங்க, இல்ல. 44ஏடில (சின்ன வியாபாரத்துக்கு விற்பனைல இத்தன சதவீதம் லாபம்னு காட்டுற முறை) ஐடிஆர்-4ங்கற வருமான வரி ஃபார்ம் போட்டா, பேங்க் வழியா வாற விற்பனைக்கு குறைஞ்சது 6 சதவீதம் லாபம்னு காட்டணும், உங்களுக்கு 44,400. நெஜமான லாபம் அதவிட கூடன்னா அதையே காட்டுங்க, அதுதான் நேர்மை. இந்த முறைல கமிஷன், கூரியர்னு தனியா கழிக்க முடியாது, எல்லாம் அதுக்குள்ளயே அடங்கிரும். புது வரி முறைல 4 லட்சம் வரைக்கும் வரியே இல்ல, அதனால அந்த 740ம் ரீஃபண்டா வரும், ஆனா ஐடிஆர் போட்டாத்தான் வரும். நாளைக்கு லோனுக்கு போனா பேங்க்ல மொதல்ல கேக்கதும் ஐடிஆர்தான். 2026 ஏப்ரல்ல புது வருமான வரிச் சட்டம் வந்தாலும் 2025-26 கணக்கு பழைய சட்டப்படிதான்.

நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன், ஜிஎஸ்டி நம்பர் இருக்கா? லேபிள் ஒட்டின பாட்டில் தேனுக்கு ஜிஎஸ்டி உண்டு, களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துக்கு ஒரு பாட்டில் போனாலும் அது வெளிமாநில விற்பனை, அதுக்கு விற்பனை எவ்வளவு கம்மியா இருந்தாலும் ரெஜிஸ்ட்ரேஷன் வேணும். இத தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: சங்கு, சிப்பி சாமான் ஆன்லைன்ல விக்கேன், 3 லட்சம்தான் ஆச்சு, டிடிஎஸ் பிடிக்கவே இல்ல. அப்போ கணக்குல காட்ட வேண்டாமா?
(வாசகர், கன்னியாகுமரி)

பதில்: காட்டணும் தம்பி. தனிநபர் பானோ ஆதாரோ குடுத்திருந்து, விற்பனை 5 லட்சம் தாண்டலன்னா பிடிக்க மாட்டாங்க, அவ்வளவுதான். பிடிக்காததால அது வருமானம் இல்லன்னு ஆயிராது. ஐடிஆர் போடும்போது சம்பளம், வாடகைன்னு வேற வருமானம் இருந்தா அதோட இந்த லாபத்தையும் சேத்துக் காட்டுங்க.