பைக்கில் ஸ்பேர் பல்ப் வைத்துக்கொண்டு போவது அவசியமா?

அவசியம்தான். ஆனால் ஹெட்லைட் பல்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பின்னாடி எரிகிற சின்ன பல்ப் ஒன்றை வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டுவையுங்கள். சின்னச் செலவில் முடிகிற வேலை.

நீங்கள் இப்படிக் கேட்பதைப் பார்த்தால் ராத்திரி வண்டி ஓட்டுகிற ஆளாகத்தான் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் ஓட்டுகிறீர்கள் என்று தெரியாது. நான் ஓட்டுவது வடசென்னையில் மணலி, எண்ணூர் பக்கம். எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன். "இதெல்லாம் தாத்தா காலத்துப் பழக்கம், வண்டி கம்பெனியின் ரோட்சைடு உதவி நம்பருக்குப் போன் பண்ணினால் ஆள் வருவான்" என்று சொல்லப்போகிறவர்கள் இரவு பதினோரு மணிக்கு சாத்தாங்காட்டில் நின்றுகொண்டு அந்த நம்பருக்கு ஒரு தடவை போன் பண்ணிப் பார்க்கட்டும். எந்த ஊரிலோ உட்கார்ந்திருப்பவர் "லேண்ட்மார்க் சொல்லுங்க சார்" என்பார். கண்டெய்னர் யார்டைத் தவிர எதைச் சொல்வது?

போன மழைக்காலத்தில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து மணலியிலிருந்து தண்டையார்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். லேசான தூறல். பின்னால் வந்த டிரெய்லர் ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது. சைடு கொடுத்தாலும் போகவில்லை. எம்.எஃப்.எல். உரக் கம்பெனி ரவுண்டானா தாண்டி ஒரு டீக்கடை வெளிச்சத்தில் ஓரம் கட்டினேன். அதுவும் பக்கத்திலேயே வந்து நின்றது. கிளீனர் பையன் எட்டிப் பார்த்து, "அண்ணே, பின்னாடி லைட்டே இல்லணே உனுக்கு" என்றான். எரிகிறதே என்று பிரேக்கை மிதித்துக் காட்டினேன், பளிச்சென்று எரிந்தது. டிரைவர் இறங்கிவிட்டார். "பிரேக் அடிச்சாதான் நீ இருக்கறதே தெரியுது. அதுக்கு முன்னாடி ரோடு காலின்னுதான் வந்துனுருந்தேன்" என்றார்.

விஷயம் என்னவென்றால், அந்த ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். அடியில் 12வி 21/5டபிள்யூ என்று பொறித்திருப்பார்கள். 5 வாட் இழை எப்போதும் எரிவது, 21 வாட் பிரேக்குக்கு. எனக்குப் போயிருந்தது 5 வாட் இழை. பிரேக்கைப் பிடித்துச் சுவரில் சிவப்பு விழுகிறதா என்று பார்க்கிற நம் ஆட்களின் வழக்கமான சோதனையில் இது மாட்டவே மாட்டாது.

மாத்திரை டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்திருந்த பல்பை எடுத்தேன். டீ மாஸ்டர் போன் டார்ச் அடித்தார். பின்விளக்கின் சிவப்பு மூடிக்கு இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ, அதில் ஒன்று துருவேறி அசையவே இல்லை, டிரைவர்தான் திருப்பிக் கொடுத்தார். பழைய பல்பை அமுக்கி இடப்பக்கம் திருப்பினால் வந்துவிடும். புதியதை மாட்டும்போது கவனிக்க வேண்டியது, பல்பின் இரண்டு முளையும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒரு பக்கமாகத்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் அரைச்சுற்று திருப்பி வையுங்கள், அழுத்தி ஏற்றாதீர்கள். தப்பாக ஏறினால் எப்போதும் பிரேக் வெளிச்சம் எரிந்துகொண்டிருக்கும், பிரேக் பிடித்தாலும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

மாட்டி முடித்து நிமிர்ந்தால், அந்த டிரெய்லருக்கே பின்பக்கம் ஒரு லைட் இல்லை. கேட்டதற்குச் சிரித்தார். என்னால் உதவவும் வழியில்லை, லாரிக்கு 24 வோல்ட், நம் 12 வோல்ட் பல்பைப் போட்டால் நொடியில் போய்விடும்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், துறைமுகத்துக்குள் நுழைய வரிசைகட்டி ரோட்டோரம் நிற்கிற வண்டிகளில் பாதிக்குப் பின்னால் விளக்கோ ஒளிரும் ஸ்டிக்கரோ இருக்காது. டிரைவர்களை நான் குறை சொல்லவில்லை, நாள்கணக்கில் வரிசையில் கிடக்கிறவர்கள் அவர்கள்.

உங்கள் லைட் எரியவில்லை என்றால் உடனே பல்பைத் தூக்கிப் போடவும் வேண்டாம். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு உப்புக்காற்றில் ஹோல்டரின் முனை பச்சை பிடித்துப்போகும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலே பல சமயம் எரிந்துவிடும். அதனால் டப்பாவில் ஒரு துண்டு உப்புத்தாளும் இருக்கட்டும். கூடவே இரண்டு ஃபியூஸ். உங்கள் வண்டிக்கு 10 ஆம்பியரா 15 ஆம்பியரா என்று ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலேயே இருக்கும். ஃபியூஸுக்குப் பதில் செப்புக் கம்பி, சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள் வைத்து ஓட்டுகிற வித்தையெல்லாம் வேண்டாம், வயரிங்கே கருகிவிடும்.

      

ஹெட்லைட்டுக்கு வருவோம். 2017 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளில் இஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் எரியும், அணைக்க சுவிட்சே கிடையாது. பகலெல்லாம் எரிவதால் டிம் இழைதான் முதலில் போகும். பிரைட் இருக்கும். டூமின், அதாவது ஹெட்லைட் கூட்டின், போல்டைக் கொஞ்சம் தளர்த்தி கீழே சாய்த்து, பிரைட்டிலேயே வீடு வந்து சேரலாம். அதனால்தான் இதை இரண்டாவதாகச் சொன்னேன். ஸ்பேர் வைப்பதாக இருந்தால் 35/35 வாட்டா, புல்லட் மாதிரி வண்டிகளின் 60/55 வாட்டா என்று பார்த்து வாங்குங்கள், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக்கூடாது. ஹாலஜன் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறி பல்ப் சீக்கிரம் போகும். 100 வாட் போட்டால் ரோடே பகலாகத் தெரியும் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். ஹோல்டர் உருகிய பிறகு அவர் வரமாட்டார்.

மாற்ற மாற்ற பல்ப் போய்க்கொண்டே இருந்தால் ஆர்.ஆர். யூனிட்டை, அதாவது வோல்ட் எகிறாமல் பார்த்துக்கொள்கிற ரெகுலேட்டர் ரெக்டிஃபையரை, பாருங்கள். நான் மெக்கானிக் இல்லை, ஆனால் அதைப் பார்க்காமல் பல்பாக வாங்கிப் பணத்தைக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புது வண்டி, எல்லாமே எல்.இ.டி., பல்பே கிடையாது என்றால் இதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அந்த யூனிட்டை ரோட்டில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சைக்கிள் கடையில் கிளிப் வைத்த சிவப்பு விளக்கு கிடைக்கும், அதை வாங்கி டப்பாவில் போடுங்கள். பேட்டரியை மட்டும் கழற்றித் தனியாக வையுங்கள், உள்ளேயே கிடந்தால் கசிந்து பாழாகிவிடும்.