இந்தி தெரியாமல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். எப்படிச் சமாளிப்பது?

ஆங்கில வழிப் படிப்பென்றால் வகுப்பறையை விடுங்கள், பழகிவிடும். திண்டாட்டம் வெளியில்தான். விஸ்வவித்யாலயா மெட்ரோ வாசலில் ஈ-ரிக்‌ஷாக்காரரிடம் "பையா, கித்னா?" (அண்ணே, எவ்வளவு?) என்று கேட்கத் தெரிந்த எனக்கு, அவர் சொன்ன பதில் பச்சீஸா பச்சாஸா என்று பிடிபடாது. முன்னது 25, பின்னது 50! நூறு ரூபாயை நீட்டிவிட்டு மீதியை எண்ணித்தான் கட்டணத்தைத் தெரிந்துகொள்வேன். அதனால் இலக்கணத்துக்கு முன்னால் எண்களைப் படியுங்கள். இந்தியில் நூறுவரை கிட்டத்தட்ட ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்யவேண்டும், வேறு வழியில்லை.

அப்புறம், டிசம்பர் குளிருக்கு ஊர்ப் போர்வை உதவாது, பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய் வாங்கிவிடுங்கள். ஊர் ஏக்கம் வந்தால் ஆர்.கே.புரம் முருகன் கோயிலான மலை மந்திர் போங்கள். வடக்கு வளாகத்திலிருந்து தூரம்தான், ஆனால் படியேறும்போதே நாலு பேர் தமிழில் பேசுவது காதில் விழும்.