பாதி காலியான படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: சென்னையில் குடிசை மாற்று வாரிய வீட்டில் 40 வருடமாக இருக்கிறோம். கட்டடம் பழுதாகிவிட்டது, இடித்துக் கட்டித் தருகிறோம் என்று பாதி நிரப்பாத படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். வெளி வாடகைக்கு 24,000 ரூபாயாம். ஒதுக்கீடு, இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது. எங்களைக் கேட்காமலே எல்லாம் செய்யலாமா?

பதில்: சகோதரி, தூண் விரிசல் விட்டிருந்தால் காலி செய்யத்தான் வேண்டும். அதில் வீம்பு வேண்டாம். ஆனால் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமல் கையெழுத்து வேண்டாம். வீட்டின் பரப்பு, நீங்கள் கட்ட வேண்டிய பங்குத்தொகை, முடிக்கும் தேதி, அதே இடத்தில்தான் வீடு என்ற உறுதி, இவை எழுத்தில் வரட்டும். கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆகும் என்று வைத்து 24,000 ரூபாயை வகுத்தால் மாதம் 1,000. அந்த வாடகைக்குச் சென்னையில் எங்கே வீடு கிடைக்கும்? வேலை இழுத்தால் கூடுதல் தொகை உண்டா என்பதையும் கேளுங்கள்.

உங்கள் பெரிய சிக்கல் மாமனார் பெயர்தான். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்து இப்போதே பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். இடித்த பிறகு பயனாளிப் பட்டியலில் பெயர் தேடி அலைவது கொடுமை.

கருத்துக் கேட்பு பற்றி உள்ளதைச் சொல்கிறேன். 'குடியிருப்பவர் சம்மதம் இல்லாமல் இடிக்கவே கூடாது' என்று சொல்லும் நேரடிச் சட்டப் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் போக முடியாது. ஆனால் 2010-இல் சுதாமா சிங், 2019-இல் அஜய் மாக்கன் வழக்குகளில் டெல்லி உயர் நீதிமன்றம், குடிசைவாசிகளிடம் கலந்து பேசாமல் அப்புறப்படுத்துவது தவறு என்றது. அது சென்னையைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டலாம். அந்த வழக்குகளில் இருந்தவர்கள் ஒதுக்கீடே இல்லாதவர்கள். உங்கள் குடும்பத்திடம் ஒதுக்கீட்டு ஆணையே இருக்கிறது.

தனித்தனியாகப் போகாமல், பிளாக்கில் எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். வார்டு கவுன்சிலர் கூட்டும் பகுதி சபை என்ற மக்கள் கூட்டத்தில் கோரிக்கை வைத்து, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வரைபடம், பயனாளிப் பட்டியல், கட்டடத் தர அறிக்கை ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும்.

அதற்குள் கதவைத் தட்டிக் காலி செய்யச் சொன்னால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். ஒதுக்கீட்டு ஆணை, பணம் கட்டிய ரசீதுகள், மின் அட்டை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.