முழங்கால் வலியோடு மார்க்ஸ்பர்க் ஏறலாமா?

கேள்வி: செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் போகிறோம். ஒரு நாள் மட்டும் கையில் இருக்கிறது. அசலான இடைக்காலக் கோட்டை ஒன்றைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. எங்கே போகலாம்?

பதில்: ரைன் நதிக்கரையிலுள்ள பிரௌபாக் என்னும் சிற்றூருக்குப் போங்கள். ஊருக்கு மேலே குன்றில் நிற்கிறது மார்க்ஸ்பர்க் கோட்டை. ரைன் பள்ளத்தாக்கில் கோட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பல வெறும் இடிபாடுகள். அழகாகத் தெரியும் சில, 19-ஆம் நூற்றாண்டில் புதிதாக எழுப்பியவை. சற்று வடக்கே எதிர்க்கரையில் உள்ள ஸ்டோல்சன்ஃபெல்ஸ் அப்படிப்பட்டதுதான்: 1689-இல் பிரெஞ்சுப் படை அழித்ததை, பிரஷ்ய இளவரசர் ஒருவர் பிற்காலத்தில் மாளிகையாக்கினார். மத்திய ரைனின் குன்றுக்கோட்டைகளில் ஒருபோதும் இடிந்து பாழாகாதது மார்க்ஸ்பர்க் மட்டுமே. 1945-இல் பீரங்கிக் குண்டுகள் பட்டுச் சேதமடைந்தது, பழுதுபார்த்துவிட்டார்கள். ஜெர்மன் கோட்டைகள் சங்கம் இதை 1900-இல் வாங்கிக் காப்பாற்றியிராவிட்டால் இன்று என்ன மிஞ்சியிருக்குமோ!

இனி முழங்கால். வாயிலைக் கடந்ததும் குதிரைவீரர்கள் ஏறிய பாதை வரும். பாறையையே வெட்டிய படிகள். ஒன்று உயரம், ஒன்று தாழ்வு, தேய்ந்து வழவழப்பாக இருக்கும். மழை பெய்திருந்தால் உங்களுக்கே கால் வழுக்கும். உள்ளே வழிகாட்டியோடுதான் செல்ல முடியும். சுமார் 50 நிமிடம், பெரும்பாலும் நின்றபடியே. பெரிய அடுப்புள்ள சமையலறை, சுவருக்கு வெளியே துருத்தி நிற்கும் கழிப்பறை என்று ஒவ்வொன்றும் பார்க்க வேண்டியவை. ஆனால் வலியைப் பொறுத்துக்கொண்டு பார்க்கும் இடமில்லை. அம்மா வீட்டில் கைப்பிடி பிடிக்காமல் இரண்டு மாடி ஏறி இறங்குவார் என்றால் அழைத்துப் போங்கள். இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். கீழே மரச்சட்ட வீடுகள் நிறைந்த பழைய தெருக்களும் நதிக்கரையும் அவருக்குப் போதும். உங்களில் ஒருவர் துணைக்கு இருங்கள்.

ஊரிலிருந்து நடந்து ஏறுவது செங்குத்து. டாக்ஸியில் கோட்டையின் வாகன நிறுத்துமிடம் வரை போனாலும், அங்கிருந்து கொஞ்சம் ஏறத்தான் வேண்டும். ஆங்கிலச் சுற்று எல்லா நேரமும் கிடையாது. நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டு ரயிலைத் தீர்மானியுங்கள். வீஸ்பாடன், ரூடஸ்ஹைம் வழியாக வலக்கரையில் செல்லும் ரயில் பிரௌபாக்கிலேயே நிற்கும். வீஸ்பாடனில் வண்டி திசை மாறும். அதன் பிறகு அம்மாவை இடப்பக்க ஜன்னலோரம் உட்காரவையுங்கள். ரைன் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது.