5 வயதுப் பையன் சொப்பு சாமான் கேட்கிறான், வாங்கிக் கொடுக்கலாமா? வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள்

வாங்கிக் கொடுங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். இதற்குமேல் எழுதுவதெல்லாம் என் சொந்தக் கதை. நேரம் இருந்தால் படியுங்கள்.

பெரியவர்கள் என்று பொதுவாகப் போட்டிருக்கிறீர்கள். மாமியாராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும், என் வீட்டு நினைப்பில் கை அப்படிப் போய்விட்டது. "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு அடுப்பும் அம்மியும், நாளைக்குப் பொம்பளை மாதிரி ஆயிருவான்" என்று எங்கள் வீட்டிலும் கேட்டாயிற்று. அவர்கள் கல்யாணத்துக்குச் சமைத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம், இரண்டு பேரும் மீசைக்காரர்கள். புரோட்டாக் கடையில் மாவு வீசுகிறவரும் மதுரைப் பூச்சந்தையில் உட்கார்ந்து கல்யாண மாலை கட்டுகிறவரும் ஆண்கள்தான். கூலி என்று ஒன்று வந்துவிட்டால் அடுப்பும் பூவும் ஆம்பளை வேலையாகிவிடுகிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் எட்டாம் வகுப்பு, இளையவன் ஐந்தாம் வகுப்பு. தம்பிக்கு (மகனை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்) நாலு வயது இருக்கும்போது சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மாசி வீதி ஓரத்தில் ஒருவர் தரையில் சாக்கு விரித்து மரச் சொப்பு விற்றுக்கொண்டிருந்தார். பையன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். வாங்கினேன். அத்தை (என் மாமியார்) இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "சரி விடு, ஹோட்டல் வச்சுப் பிழைச்சுக்குவான்" என்றார். பையன் மண்ணைக் குழைத்துக் காபி போட்டு எல்லோருக்கும் கொடுத்தான். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். ஆபீசில் நாலு பேர் பாராட்டினார்கள். பிள்ளை வளர்ப்பில் நான் ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்பிலேயே ஆறு வருஷம் ஓட்டிவிட்டேன்.

போன மே மாதம், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் பிள்ளைகளின் உண்டியல்களை உடைத்தோம். மானாமதுரை மண் உண்டியல், ஆளுக்கு ஒன்று, ஒரே நாளில் வாங்கியது. தம்பியுடையதில் 1,140 ரூபாய். பாப்பாவுடையதில் 260. நானும் சும்மா இருக்காமல், "பாத்தியா பாப்பா, தம்பி எப்படிச் சேத்து வச்சிருக்கான்" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவனைத்தானம்மா கடைக்கு அனுப்புறீங்க, மிச்சக் காசு அவன்கிட்டதான இருக்கும்" என்றாள். சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பேன். ஏதோ கணக்குப் பாடம் சொல்வது போலச் சொல்லிவிட்டு இரண்டு ரூபாய் நாணயங்களைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், ஏழு வயதிலிருந்து கடைக்குப் போவது தம்பிதான். தயிர், கொத்தமல்லிக் கட்டு, தீப்பெட்டி. மூன்று ரூபாயோ ஐந்து ரூபாயோ மிச்சம் வந்தால், "வச்சுக்கடா" என்போம். பாப்பா வீடு கூட்டுவாள், காய்ந்த துணியை மடித்து வைப்பாள், யாராவது வந்தால் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். துணி மடித்தால் மிச்சக் காசு எங்கிருந்து வரும்? யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை. வீட்டுக்குள் வேலை என்றால் வாய் தானாக "பாப்பா" என்கிறது, செருப்புப் போட்டுக்கொண்டு போகிற வேலை என்றால் "தம்பி" என்கிறது. அத்தையைக் குறை சொல்ல வழியில்லை, அதிகம் கூப்பிட்டது நான்தான்.

காசுகூடப் பெரிதில்லை. மறுநாள் பாப்பாவிடம் நூறு ரூபாய் கொடுத்து, உளுந்தும் ஒரு பாக்கெட் உப்பும் வாங்கி வா என்று தெருமுனைக் கடைக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் ஆளைக் காணோம். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் கடை ஓரத்தில் நிற்கிறாள், பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். வாய் திறந்து கேட்கத் தெரியவில்லை. கடைசியில் அண்ணாச்சியே, "யார் வீட்டுப் பிள்ளைம்மா நீ?" என்று கேட்டிருக்கிறார். ஒன்பது வருஷமாக அந்தத் தெருவில் குடியிருக்கிறோம். தம்பிக்கு அவர் கேட்காமலே கறிவேப்பிலை கொசுறு கொடுப்பார். பாக்கெட்டில் தேதி பார்ப்பது, பத்து ரூபாய் குறைந்தால் திருப்பிக் கேட்பது எல்லாம் பத்து வயதுப் பையனுக்குத் தெரிகிறது, வகுப்பில் முதல் மூன்று ரேங்குக்குள் வருகிற பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

மத்தியப் புள்ளியியல் துறை 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைச் சிலர் படித்திருப்பீர்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். எல்லோரும் இந்த இரண்டு எண்ணைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். என்னைக் குத்தியது வேறு. அந்தக் கணக்கெடுப்பு 6 வயது நிரம்பியவர்களிடமிருந்து தொடங்குகிறது. என் வீட்டு இரண்டும் அதற்குள் வந்துவிடுகின்றன.

இதில் எனக்கு இன்னும் கூச்சமான விஷயம் ஒன்று உண்டு. என் அம்மா புதுக்கோட்டைப் பக்கம். 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காத பெண்கள் ஆம்பளை சைக்கிளிலேயே கற்றுக்கொண்டார்கள். அம்மாவும் அப்படித்தான், முப்பது வயதுக்கு மேல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. என்னை முன்கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார், பின்னால் தண்ணீர்க் குடம். ஊரே பார்த்துச் சிரித்ததாகச் சொல்வார். அந்த அம்மாவின் மகள் நான், என் பெண்ணை இருநூறு அடி தள்ளி இருக்கிற கடைக்கு அனுப்பாமல் வளர்த்திருக்கிறேன். போனில் சொன்னபோது அம்மா அதிகம் பேசவில்லை. "உன்னைத்தான் நான் மூணாப்புலேயே ரேஷன் கடைக்கு அனுப்பிட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் மாதத்திலிருந்து வேலையை மாற்றிவிட்டோம். கடை பாப்பாவுக்கு, கூட்டுவதும் துணியும் தம்பிக்கு. பாப்பா கடைக்குப் போவதை அத்தை ஒன்றுமே சொல்லவில்லை, அது எனக்கே ஆச்சரியம். தம்பி கையில் விளக்குமாற்றைப் பார்த்ததும்தான் எழுந்து வந்துவிட்டார். திட்டவில்லை. "குடுய்யா, நான் கூட்டுறேன்" என்று வாங்கிக்கொண்டார். அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் வலி. அவர் குனிந்து கூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் பாப்பா எழுந்துபோய் வாங்கிவிடுவாள். ஆக முதல் ஒரு மாதம் பாப்பாவுக்குக் கடையும் சேர்ந்து இரண்டு வேலை. பிறகு அத்தை கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்துக் கூட்டவைத்தோம். இது தந்திரம்தான், நேர்மை இல்லைதான். கூட்டுக் குடும்பத்தில் இருந்து பார்த்தவர்கள் மட்டும் என்னைக் கேட்கட்டும்.

நான் கொடி பிடிக்கிற ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு மணிக்கு மேல் பாப்பாவை அந்தக் கடைக்கு அனுப்புவதில்லை. இரண்டு கட்டடம் தள்ளி டாஸ்மாக். "அப்ப பையனுக்கு மட்டும் ஆபத்து இல்லையா" என்று கேட்க யாராவது வருவார்கள். இருக்கிறது, அவனையும் நிறுத்தியாயிற்று. ராத்திரி எது தீர்ந்தாலும் வீட்டுக்காரர்தான் கைலியோடு போகிறார், புலம்பிக்கொண்டே.

ஆபத்து என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் எங்கே போய்ச் சொல்வது. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்லது, மாதம் ஆயிரத்துக்கு மேல் எனக்கு மிச்சம். ஆனால் நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் சில டிரைவர்கள் முப்பது அடி தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஏறினால், "ஓசி டிக்கெட்டுக்கு அவசரத்தைப் பாரு" என்று ஒரு முணுமுணுப்பு. வரிப்பணம் ஆம்பளைகள் மட்டும் கட்டுகிற மாதிரி. அன்றைக்கு ஓடிப்போய் ஏறியதில் செருப்பு வார் அறுந்தது, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. சரி, விடுங்கள்.

சொப்புக்கு வருகிறேன். பிளாஸ்டிக் வாங்காதீர்கள், ஓரம் உடைந்தால் கையைக் கிழிக்கும். மரச் சொப்பாக, சாயம் ஒட்டாததாகப் பார்த்து வாங்குங்கள். ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மூடிகளை எண்ணி வையுங்கள், அதுதான் முதலில் தொலையும். எங்கள் வீட்டில் இட்லிப் பானையின் மூடி வாங்கிய வாரமே காணாமல் போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பீரோவுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவும்போது தம்பி கையில் கிடைத்தது. பானை எங்கேம்மா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.